இடக்கையால் ஆண்ட குசினி

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் பிறந்தார். வேலணையிலேயே, தமது சொந்த வீட்டில், காலமானார். முதலாவது எல்லோருக்கும் போலத் தானாக நிகழ்ந்தது. இரண்டாவதை அவர் வாதாடியும் சமைத்துக் காட்டியும் வென்றெடுத்தார். அவருடைய பக்தியையும் விருந்தோம்பலையும் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அவருடைய சமையலறையை, எங்கள் பேச்சில் சொன்னால் குசினியை, பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தகப்பனாரான ஐயா புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர். பிள்ளைகள் நாங்கள் மூவர்: அக்கா, நான், தங்கை. திருமணமானதும் அக்கா, அத்தான் கடை வைத்திருந்த தென்பகுதி நகரத்துக்குப் போனார். கலவரத்தில் கடையும் அதன் பின்னால் இருந்த வீடும் எரிந்தன. ஊருக்குத் திரும்பிப் புதிதாகத் தொடங்கினார்கள். சில வருடங்களில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. மறுபடி வந்தபோது வீட்டுக்குக் கதவுகூட இருக்கவில்லை.

ஆகவே அக்கா, புதுமணப்பெண்ணாக ஒரு தடவை, இழந்து திரும்பி இரு தடவை என்று, ஒரே வாழ்நாளில் மூன்று தடவை வெறுங்குசினியில் நின்றவர். ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார். புதிதாகக் குடிபோகும் பெண்களுக்கு அவர் சொல்வது சுருக்கமானது. அடி கனத்த சட்டி, கூரான கத்தி, ஓட்டை அகப்பை, புட்டு அவிக்க ஓலையில் இழைத்த நீத்துப்பெட்டி. மிச்சத்தை அயலில் இரவல் வாங்கலாம். கத்தியை மட்டும் இரவல் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

அத்தான் காலமான பின் அக்கா தனியே வாழ்ந்தார். ஒரே மகள் கனடாவில் குடும்பமாக இருந்தார். அந்தக் காலத்தில்தான் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. கால் தேறியது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. வலது கை மட்டும் திரும்பவில்லை.

அக்காவை யாழ்ப்பாணத்தில் தங்கையின் வீட்டில் வைத்துப் பார்ப்பது, வேலணை வீட்டைப் பூட்டுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகளும் (எனக்கு மருமகள்) அதையே சொன்னார். தங்கை தமது வீட்டில் ஓர் அறையைத் துப்புரவாக்கி, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். அக்கா மறுக்கவில்லை, காரணங்களைக் கேட்டார். நடக்கிறார், குளிக்கிறார், இரவில் அயல்வீட்டுப் பெண் துணைக்கு வந்து படுப்பார் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோது கடைசியில் ஒரு காரணமே மிஞ்சியது. சமையல். அதிலும் சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி. ஒற்றைக் கையால் பானையைச் சரிக்கும்போது அது புரண்டால் என்ன செய்வது என்று தங்கை கேட்டார்.

மருமகள் தாயின் சிரமத்தைக் குறைக்கவென்று கனடாவிலிருந்து மரக்கறி வெட்டும் மெசின் ஒன்று கொண்டுவந்திருந்தார். அது அங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்ற மெசின். இங்குள்ள மின்சாரம் அதன் இரு மடங்கு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எங்கள் ஊர் வீடுகளில் இந்தப் பிழையைச் செய்யாத வீடு குறைவு. பிளக்கைச் செருகியதும் ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு வீடு முழுக்கக் கரண்ட் இல்லை.

"பார்த்தியளே அம்மா, தனிய நிண்டிருந்தால் வீடு எரிஞ்சிருக்கும்," என்றார் மருமகள்.

"எரிஞ்சது உன்ர மெசின், பிள்ளை. நான் எரியேல்லை," என்றார் அக்கா.

நாங்கள் சிரித்து முடிக்கும் முன்பே அவர் தமது நிபந்தனையை வைத்துவிட்டார். மருமகள் திரும்பிப் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாட்டைத் தாமே சமைப்பார். ஒருவரும் கை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் தங்கையோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவார். முடிந்தால், வீட்டைப் பூட்டும் கதையை இனி எவரும் எடுக்கக் கூடாது. நாங்கள் ஒப்புக்கொண்டோம். அவர் வெல்வார் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் அயலில் தச்சுவேலை செய்பவரை அக்கா அழைப்பித்தார். வேப்பம் பலகை ஒன்றில், துருப்பிடிக்காத ஆணிகள் இரண்டைக் கூர் மேலே தெரியும்படி அடித்துத் தரச் சொன்னார். தச்சர் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அக்கா, ஆருக்கும் சூனியம் செய்யப் போறியளோ?"

"ஓம். வெங்காயத்துக்கு."

ஆணியில் குத்தி நிறுத்திய வெங்காயம் அசையாது. அதைப் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. இடது கையில் கத்தி இருந்தால் போதும். பலகையின் ஒரு மூலையில் உயரமான விளிம்பு வைப்பித்தார். ஆணியில் குத்த முடியாத பொருளை அந்த மூலையில் அணைத்து வைத்து வெட்டலாம். பலகைக்கும் சட்டிக்கும் கீழே ஈரத்துணி விரித்தார், எதுவும் வழுக்கவில்லை. போத்தலைத் திறப்பதற்கு மேசையின் இழுப்பறையான லாச்சி உதவியது. லாச்சிக்குள் போத்தலை நிறுத்தி, இடுப்பால் லாச்சியைத் தள்ளி இறுக்கிக்கொண்டு, மூடியைத் திருகினார். கத்தரிக்கோல் சரிவரவில்லை. வலக்கைக்காரருக்குச் செய்த கத்தரிக்கோல் இடக்கையில் துணியையே ஒழுங்காக வெட்டாது என்று கண்டு அதை ஒதுக்கினார். தேங்காயைத் திருவலையில் ஏறியிருந்து ஒற்றை உள்ளங்கையால் அழுத்தித் திருவினார். நேரம் எடுத்தது. தம்மிடம் உள்ளது அது ஒன்றுதானே என்றார்.

முதல் நாட்களில் வெங்காயம் தாச்சிச் சட்டிக்குள் விழுந்ததைவிட நிலத்தில் விழுந்ததே அதிகம். நாங்கள் பொறுக்கிக் கொடுக்கப் போனால் ஏசினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. குசினி வாசலில் கதிரைகளைப் போட்டு மருமகளும் தங்கையும் நானும் இருந்தோம். பருப்பு இறங்கியது. கத்தரிக்காய்ப் பாற்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் சொதியும் இறங்கின. இவற்றில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எங்கள் கண் அரிசிப் பானையில் இருந்தது. அது பொங்கத் தொடங்கியதும் தங்கை தன்னையறியாமல் எழுந்துவிட்டார்.

"நீ இரு. உன்ர கை பட்டால் அது என்ர சமையல் இல்லை," என்றார் அக்கா.

அடுப்பை அணைத்தார். பானைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் சட்டியையும், அதன் மேல் வடிதட்டையும் வைத்தார். ஓட்டை அகப்பையைப் பானைக்குள் விட்டுச் சோற்றை அள்ளி, கஞ்சி ஒழுகும்வரை பிடித்திருந்து, தட்டில் இட்டார். மறுபடி அள்ளினார். பானை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் விளிம்பைக்கூட அவர் தொடவில்லை.

"பானையைச் சரிக்க வேணுமெண்டு ஆர் சொன்னது?" என்று எங்களைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

அள்ளி முடியும்வரை சோறு சுடுகஞ்சியிலேயே கிடக்கும் என்பதையும் கணக்கில் எடுத்து, ஒரு பதம் முன்னதாகவே அடுப்பை அணைத்திருக்கிறார். இலையில் விழுந்த சோறு குழையவில்லை. மருமகள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தோத்துப்போனன் அம்மா," என்றார். அக்கா, "பேந்தென்ன, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்டார். தங்கை அன்று மாலை தனியாகவே பஸ் ஏறினார்.

செய்தி தீவுகளில் பரவியது. போரில் கை இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அரிதல்ல. அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். எழுவைதீவிலிருந்து, மணிக்கட்டு வாதத்தால் கத்தி பிடிக்க முடியாத ஒரு பெண் படகேறி வந்தார். அக்கா அவர்களைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சமைக்க வைத்தார். தச்சருக்கு ஆணிப்பலகை வேலை ஓயவில்லை. சூனியப்பலகை என்றே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். பிறகு இரண்டு கையும் நன்றாக உள்ள பெண்களும் கேட்டு வந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சமைக்கிறவள் ஒற்றைக் கைக்காரிதான் என்றார். ஆணிப்பலகையும் ஈரத்துணியும் ஓட்டை அகப்பையும் இல்லாத வீட்டில் குசினி இன்னும் முடியவில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

அதன்பின் பல வருடங்கள் தம் அடுப்பைத் தாமே மூட்டினார். கடைசி வாரக் காய்ச்சலில் மட்டும், கனடாவிலிருந்து வந்திருந்த மகள் சமைத்ததைச் சாப்பிட்டார். உப்புக் குறைவு என்று சொல்லவும் அவருக்குத் தெம்பு இருந்தது. மகளும் தங்கையும் அருகில் இருக்க, தமது கட்டிலில் அமைதியாகக் கண் மூடினார். அவருடைய இறுதி ஊர்வலம் அந்த வீட்டுப் படலையிலிருந்தே புறப்பட்டது.

இரவில் துணைக்கு வந்து படுத்த அயல்வீட்டுப் பெண்ணுக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பலகை செய்துதந்த தச்சருக்கும், செத்தவீட்டின்போது எங்களுக்கு உணவு கொண்டுவந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைச் செவ்வனே நடத்திய குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் குடும்பத்தினர் கைகூப்புகிறோம்.

இன்னும் ஒரு நன்றி உண்டு. உங்களில் பலர் அக்காவுக்கு உதவி செய்யவென்று அந்தப் படலையைத் திறந்து வந்தீர்கள். அவர் வேண்டாம் என்றதும் மனம் கோணாமல், கையைக் கழுவிக்கொண்டு, இலைக்கு முன்னால் விருந்தாளியாக இருந்தீர்கள். அவருக்கு வேண்டியிருந்த உதவி அதுதான்.