மலையடியில் முள் அடைத்தது

முள் அடைக்கிற வேலை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெட்டின முள்ளைக் கவைக்கம்பால் குத்தி இழுத்து வரவேண்டும். அடிப்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கவேண்டும், தலைப்பக்கம் ஆடு வருகிற பக்கம். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அமுக்கி, மேலே கல்லை ஏற்றிவிட்டால் காற்றுக்கும் நகராது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. ஆடு உள்ள வீட்டில் பிறந்தேன். வந்துவிட்டது.

எங்கள் ஊர் குருவிகுளத்துக்குக் கிழக்கே, கரிசலில் இருக்கிறது. பங்குனிக்கு மேல் அங்கே ஆட்டுக்கு ஒரு வாய் புல் கிடைக்காது. அதனால் அய்யாவும் சித்தப்பாவும் ஆட்டைப் பத்திக்கொண்டு மேற்கே போய்விடுவார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சிவகிரிப் பக்கம் அப்போது அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கும். ராத்திரி ஆட்டை வயலில் கிடை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல் அளப்பார். பகலில் மலையடியில் மேய்ச்சல். ஐப்பசி மழை விழுந்து கரிசலில் பச்சை தெரிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவார்கள். வருசத்தில் பாதி நாள் அய்யா எங்களுக்குக் கிடையாது.

நான் சங்கரன்கோவிலில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, ரதவீதியில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம், டீச்சர் ஒரு சேதி சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து சமூக சேவைக்குப் போகிறோம். சிவகிரிக்கு மேற்கே மலையடியில் மரக்கன்று நடவேண்டும். ராத்திரி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். நட்டு முடித்த பிறகு மலைமேல் ஏறி அருவி பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு அருவிதான் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த கோமதி என் தொடையில் கிள்ளினாள். அவள் ஊருக்குள் தறி போட்டிருக்கிற வீட்டுப் பிள்ளை. மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததுதான்.

அம்மா விடமாட்டாள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட வந்தவள் டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்கனதானட்டி ஒங்கய்யா கெடக்காவ. போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா. ஆளு மெலிஞ்சிருக்காவளா, இருமுதாவளான்னு வந்து சொல்லு."

சந்தைக்குப் போய் டார்ச் லைட்டுக்கு பேட்டரியும், கருப்பட்டியும், இருமலுக்கு மாத்திரையும் வாங்கிவந்து ஒரு பழைய துண்டில் முடிந்து கொடுத்தாள். "யார்ட்டயும் குடுத்து விட்டுராத. ஒங்கய்யா கையிலயே குடு" என்றாள்.

மற்றவர்கள் மலை பார்க்கப் போனார்கள். நான் அய்யாவைப் பார்க்கப் போனேன்.

லாரியில் நின்றுகொண்டே போனோம். கன்றுகளும் அதே லாரியில்தான். பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். இறங்கினபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை மாதிரி விழாது. புகை மாதிரி வந்து நனைக்கும். துணி காயவே இல்லை. முதல் நாள் பூராவும் குழியில் கன்றை வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தோம். வேம்பு, புங்கை, பேர் தெரியாத வேறு சில. சாயங்காலம் கோமதியின் கையில் கொப்புளம்.

"தறிக்குழியில எறங்கமாட்டேன்னு எங்கம்மைகிட்ட சண்ட போட்டேன். இங்க வந்து குழி குழியா எறங்குதேன்" என்றாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

கூட இருந்த பாரஸ்ட் கார்டிடம் நான் மெதுவாகக் கேட்டேன்.

"கெடைக்காரங்க இங்கன வருவாங்களா சார்?"

"ஏன், ஒனக்கு என்ன?"

"எங்கய்யா இருக்காவ."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இப்ப தெக்க மேயுதுக. நாளையோ மறுநாளோ தண்ணிக்கு இங்கதான் வரணும். மேல ஓடையில ஆழமா ஒரு கசம் இருக்குல்லா. இந்தச் சாரல்ல தரதான் நனையும், கீழ ஓடை வறண்டு கெடக்கு. அத விட்டா வேற தண்ணி ஏது?" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. ராத்திரி துண்டு முடிச்சைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரிசைக் கன்று பூராவும் மொட்டை. குச்சிதான் நின்றது. சில கன்று பிடுங்கிக் கிடந்தது. டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

"நான் என்ன செய்ய டீச்சர்? கத்துவேன். கல்லெடுத்து எறிவேன். ஆடு கேக்குமா? கம்பிவேலி வரும்னு சொல்லியிருக்காவ. எப்ப வருமோ" என்றார் கார்டு.

நான் தரையைப் பார்த்தேன். குளம்புத் தடம் நிறைய இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்து வந்தது. நாங்கள் நட்ட அந்தப் பொட்டலுக்கு ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஓடையின் கரை, ஆள் உயரத்துக்குச் செங்குத்து. நடுவில் ஒரு வாய். வண்டி போகிற அகலம் இருக்கும். ஆடு உள்ளே வர அது ஒன்றுதான் வழி.

"டீச்சர், ஒவ்வொரு கன்னுக்கும் காவல் வேண்டாம். இந்த வாய அடைச்சாப் போதும்" என்றேன்.

அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் நானாக வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால்தான் சொல்வேன். அதுவும் தப்பாக இருக்கும்.

கீழே உடைமுள் மரம் நிறைய நின்றது. கார்டு கிளையை வெட்டிப் போட்டார். கவைக்கம்பு ஒடித்து எப்படி இழுக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்கள் இழுத்து வர, நான் அடுக்கினேன். அடி உள்ளே, தலை வெளியே. முதலில் ஒரு ஆள் அகலத்துக்குப் போட்டேன். போதாது என்று தோன்றியது. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்து ஏறிவிடும். இன்னொரு ஆள் அகலம் போட்டேன். குட்டி அடியில் நுழையும். அதனால் கீழே சின்ன முள்ளாகத் திணித்தேன். மேலே கல் ஏற்றினோம். நாங்கள் போய்வர ஓடைக்கரைப் பக்கம் கார்டு ஒரு கயிறு கட்டிவிட்டார். கை காலெல்லாம் கீறல். சாரல் பட்டு எரிந்தது.

"ஏட்டி, ஒங்கய்யா ஆட்டுக்கு இப்படித்தான் ஜெயில் கட்டுவாவளா?" என்றாள் கோமதி.

"ஆமா" என்றேன்.

கன்றைக் கடித்தது ஆடு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆடும் ஆடுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வேறு யாரோ விட்ட ஆடு. ஊர் ஆடு. களவாணி ஆடு. அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆட்டுக்குப் பின்னால் அய்யா அல்லவா வருவார்.

அன்றைக்கும் அய்யா வரவில்லை.

அடுத்த நாள் மலை ஏறினோம். கார்டு முன்னால் போனார். கொஞ்ச தூரம் போனதுமே வெளிச்சம் குறைந்துவிட்டது. மரம் மேலே ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது. கொடி தொங்கியது. தரை பூராவும் ஊறிப்போன இலை, மிதித்தால் சொத சொதவென்று உள்வாங்கும். பிள்ளைகள் காலில் அட்டை ஏறிவிட்டது என்று ஒரே கூப்பாடு. கார்டு புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துவிட்டார். வழியில் யானை லத்தி கிடந்தது. "ஆவி பறக்கல, பயப்படாதீங்க. பழசு" என்றார். அதற்குமேல்தான் எல்லாரும் பயந்தார்கள். பூனை அளவு பெரிய அணில் ஒன்று, செம்பட்டை நிறம், மரத்துக்கு மரம் தாவியது. ஓடையைக் கயிறு பிடித்துத் தாண்டினோம். கோமதி வழுக்கி இடுப்புவரை தண்ணீரில் விழுந்து எழுந்தாள். "குளிச்சாச்சு. எனக்கு அருவி வேண்டாம், வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அருவி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பக்கத்துப் பாறையில் இருந்து பார்த்தால் கீழே எல்லாம் தெரிந்தது. மரம் நட்ட பொட்டல், பள்ளிக்கூட ஓடு, அதற்கப்பால் வயல், அதற்கும் அப்பால் மங்கலாக எங்கள் கரிசல் பக்கம். மற்றவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் குதித்தார்கள். நான் பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலின் வாயில், முள்ளுக்கு வெளியே, ஆடு நின்றது. அரிசியை ஒரு இடத்தில் கொட்டிவைத்த மாதிரி நின்றது. நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அப்போதும் நகரவில்லை. அய்யா எனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

இறங்கிவரத்தான் நேரம் ஆனது. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். கீழே வரவர ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. தாகத்துக்குக் கத்துகிற சத்தம் வேறே. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அய்யாவைப் பார்க்கிற சந்தோஷத்தில் ஓடினேன்.

அய்யா கம்பை ஊன்றி நின்றார். மெலிந்துதான் போயிருந்தார். சித்தப்பா கார்டோடு கத்திக்கொண்டிருந்தார். கார்டு எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டிருந்தார்.

"மத்தியானத்துல இருந்து நிக்குதோம் வே. வாயில்லாச் சீவன். தண்ணி காட்டிட்டுத் திரும்பிருதோம். இத்தன வருசமா இந்த வழிதான போயிட்டு வாரோம்?"

"அண்ணாச்சி, போன மாசமே சொல்லியாச்சு. மரம் வளருத வரைக்கும் உள்ள ஆடு வரப்படாது."

"சொன்னீரு. அடைக்க வக்கில்லாம இருந்தீரு. இப்ப எந்த ஊர்ல இருந்து வே ஆள் பிடிச்சீரு? இது டவுன்காரன் வேலை இல்ல. அடிய உள்ள வச்சு, தலைய வெளிய வச்சு. எவனோ ஆட்டுக்காரன்தான் காட்டிக் குடுத்திருக்கான்."

"அய்யா!" என்று கூப்பிட்டேன்.

அய்யா திரும்பினார். பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்கிறார்.

"சாப்பிட்டியா தாயி?" என்றார்.

துண்டு முடிச்சை நீட்டினேன். எட்டவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்து அவரும் கையை நீட்டினார். நடுவில் நான் போட்ட முள், இரண்டு ஆள் அகலம். கையில் கொடுக்கத்தான் அம்மா சொன்னாள். கயிறு பிடித்துச் சுற்றி வர நேரமில்லை, லாரி காத்து நின்றது. தூக்கி எறிந்தேன். அய்யா பிடித்துக்கொண்டார்.

அதற்குள் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இவர்தான் அய்யா என்று தெரிந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க பொண்ணுதாங்க இந்த வேலியே போட்டது. நாங்க எல்லாரும் சும்மா முள்ளுதான் இழுத்தோம். இல்லைன்னா ஒரு கன்று மிஞ்சியிருக்காது."

சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு அய்யாவைப் பார்த்தார்.

அய்யா வேலியைப் பார்த்தார். இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம்வரை நடந்து பார்த்தார். ஒரு இடத்தில் குனிந்து, அடியில் திணித்திருந்த சின்ன முள்ளைக் கம்பால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா அடைச்சிருக்க. ஒரு குட்டி நுழையாது" என்றார்.

அய்யா யாரையும் புகழ்கிறவர் இல்லை. எனக்கு உடம்பு வலி எல்லாம் போய்விட்டது.

சித்தப்பா கவைக்கம்பை எடுத்தார். "அண்ணே, ஓரத்துல நாலு முள்ள இழுத்துப் போட்டா ஆடு போயிரும். குடிச்சதும் திரும்ப அடைச்சிருவோம். கார்டு என்ன செஞ்சிருவாரு?"

"வேண்டாம்லே" என்றார் அய்யா.

"ஆடு செத்துரும்ணே."

"பிள்ள வச்சது. கெடக்கட்டும்."

சித்தப்பா கவைக்கம்பைக் கீழே போட்டார். கார்டுகூட வேறு பக்கம் பார்த்தார்.

அந்த வருசத்தோடு என் படிப்பு நின்றது. தீபாவளிக்கு முன்னமே ஆடு எல்லாம் கைமாறிப் போயிற்று. சித்தப்பா ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனார். நான் தீப்பெட்டி வேலைக்குப் போனேன். எதனால் என்று வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அய்யா கடைசிவரைக்கும் அந்த வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொட்டலில் நட்டதில் பாதி பிழைத்துவிட்டது. சிவகிரி பஸ்ஸில் போனால் இப்போதும் தெரியும். நல்ல நிழல்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. லாரி புறப்பட்டபோது பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அய்யா ஆட்டைத் திருப்பிவிட்டிருந்தார். தண்ணீர் மேற்கே, மலையில் இருந்தது. ஆடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது, கத்திக்கொண்டே. எங்கள் ஊர் இருக்கிற பக்கம்.

ஐப்பசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. அதற்குள் அய்யா வீட்டுக்கு வருகிறார். அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். லாரி திரும்புகிறவரைக்கும் கையை ஆட்டினேன்.