அரைச் சுற்று

கணபதி ஏரியாவில் ‘டர்போ பிரான்சிஸ்’ பட்டறை எது என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட வழி சொல்வார். டீசல் கார்களுக்கு வேரியபிள் டர்போ மாற்றி வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள கோயமுத்தூரில் ஆள் கிடையாது. சாதாரண டர்போ, வண்டி வேகம் பிடித்த பிறகுதான் வேலை செய்யும். வேரியபிளில், உள்ளே சுழலும் காற்றாடியைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். வண்டி மெதுவாகப் போகையில் அவை நெருங்கி நின்று, என்ஜின் புகையைக் காற்றாடி மேல் பீய்ச்சி அடிக்கும். மிதித்தவுடன் வண்டி பாயும். தகடுகள் அளவுக்கு மேல் நெருங்காமல் தடுக்க ஒரு ஸ்குரூ உண்டு. இன்னும் பாய வேண்டும் என்று அதைத் திருப்பச் சொல்லி வாரம் ஒருத்தராவது வந்து நிற்பார்கள். காற்றாடி தாங்காது, வேறு கடை பாருங்கள் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிடுவான். அதனாலேயே திமிர் பிடித்தவன் என்று பேர்.

அப்பேர்ப்பட்டவன் தனபாலுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தான்.

தனபால் அன்னூர்ப் பக்கம் பெரிய தோட்டத்துக்காரர். பிரான்சிஸின் அப்பா கடைசிவரை அந்தத் தோட்டத்தில்தான் மண்வெட்டி பிடித்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று முதலாளியைப் ‘பண்ணாடி’ என்று கூப்பிடுவார். உள்ளிருந்து ‘என்னடா’ என்று பதில் வரும். அம்மா கல்யாணத்துக்காக வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளானவள். அவளுடைய தம்பி நஞ்சப்பன் மாமா, இன்னும் அங்கேதான் வேலை பார்த்தார். அந்த வீட்டுத் தனபால் மாசி மாதத்தில் ஒரு காலை பட்டறைக்குள் வந்து, ஆயில் கறை படிந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏனுங்க பிரான்சிஸ், நல்லா இருக்கீங்ளா?" என்றார்.

நாற்பத்திரண்டு வருடம் அந்த ‘ங்க’வுக்காகக் காத்திருந்த காது. பிரான்சிஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான். டர்போ மாற்றி முடித்ததும், இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் தேவலை, அந்த ஸ்குரூவைக் கொஞ்சம் பாருங்களேன் என்று அவர் கேட்டபோது முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அரைச் சுற்று திருப்பினான். திருப்பும்போதே தப்பு என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் வண்டி பறந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம் தனபால் போன் பண்ணினார். பின்னால் என்ஜின் அலறுவது கேட்டது. வண்டியைக் கொண்டுவந்து களத்தில் நிறுத்தினாராம். ஆஃப் பண்ணிய பிறகும் என்ஜின் நிற்கவில்லையாம், குபுகுபுவென்று புகை தள்ளுகிறதாம். பிரான்சிஸுக்கு உடனே புரிந்தது. திருப்பிய ஸ்குரூவால் காற்றாடி தாங்காமல் டர்போவின் தண்டு முறிந்து, அதற்குப் போகிற ஆயிலை என்ஜின் உறிஞ்சி டீசலுக்குப் பதிலாக எரித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் தீரும்வரை ஓடும், இல்லையென்றால் வெடிக்கும்.

எல்லோரும் ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என்ஜினைக் காப்பாற்றிவிட்டால் ஸ்குரூ விவகாரம் வெளியே வராது என்று அந்த நேரத்திலும் புத்தி குறுக்கே போனது.

"காத்துப் போற குழாய ஈரச் சாக்க வெச்சு அடைச்சா நின்னுருமுங்க" என்றான்.

தனபால் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தியது போனில் கேட்டது. "டேய் நஞ்சா, சாக்க எடுத்துக்கிட்டு ஓடுடா."

நஞ்சப்பன் மாமா ஓடியிருக்கிறார். பானெட்டைத் தூக்கிக் குனிந்த நேரத்தில் என்ஜின் உடைந்து, இரும்புத் துண்டொன்று கழுத்தில் பாய்ந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

போலீசில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். தன் பேர் அடிபடாமல் இருக்க ஊருக்குள் தனபால் வேறு கதை சொன்னார். வண்டியைக் கழுவி ஆயில் பார்ப்பது நஞ்சப்பன் வேலை. அளவு தெரியாமல் ஊற்றிவிட்டான், அதனால்தான் என்ஜினுக்கு வெறி பிடித்தது என்றார். பொய் என்றாலும் கெட்டிக்காரப் பொய். ஆயில் மிதமிஞ்சிப் போனாலும் என்ஜின் அப்படி ஓடத்தான் செய்யும்.

மூன்றாம் நாள் காரியத்துக்குத் தனபால் வந்தார். நஞ்சப்பன் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஒன்றில் அவர் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டி பிரான்சிஸை உட்காரச் சொன்னார். அவனும் உட்கார்ந்தான்.

நஞ்சப்பனின் மனைவி மாரியாத்தாள் வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"கண்ணு, இஞ்சின் வெவரம் தெரிஞ்சவன் நம்மள்ல நீ ஒருத்தந்தான். உங்க மாமன் கைத்தப்புதானா? நீ சொன்னா நம்பிக்கறேன்."

உண்மையைச் சொன்னால் பட்டறை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டிவரும். சொல்லாவிட்டால் செத்த மனுஷன் தலையில் பழி நிற்கும். தனபால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில்தான் சாஸ்தியாயிருச்சுங்க அத்தை" என்றான்.

அவள் எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தனபால் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

"வெவரம் தெரியாம பண்ணிப்போட்டாருங்க பண்ணாடி. உங்க வண்டி நாசமாப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

தனபால் சரி என்று தலையாட்டினார்.