ஆர்.ஐ. சாருக்காக நின்ற பாட்டு

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். ஒருவர் எதிர்வீட்டு வருவாய் ஆய்வாளர், ஊருக்கு ஆர்.ஐ. சார். கொரோனாவுக்குப் பிறகு அவருடைய கூட்டங்கள் பலவும் வீடியோவில்தான். சில நாட்கள் வீட்டிலிருந்தே கலந்துகொள்வார். இன்னொருத்தி நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறேன். அவர் செய்வது உத்தியோகம். நான் செய்வது, தெருவைப் பொறுத்தவரை, வீட்டில் சும்மா இருப்பது.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து வைத்த அன்று எனக்கு ஒரு முக்கியமான அழைப்பு இருந்தது. முந்தைய வாரம் கோயில் கொட்டுச் சத்தம் கேட்டு மேனேஜர் சிரித்திருந்தார். "உங்க ஊர்ல தினமும் திருவிழாவா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சென்னை ஆபீசுக்கே வந்துடுங்க." சென்னைக்கு அப்பா அனுப்ப மாட்டார். அன்று சத்தம் கேட்டால் வேலை போனதுதான்.

காலையிலேயே கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் என் ஜன்னலைப் பார்த்து அலறியது. போய்க் கேட்டேன்.

"சித்தப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு. ஒரு மணி நேரம் மட்டும் பாட்டை நிப்பாட்டுங்க."

"வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னாத்தா மீட்டிங்கு? கதவைச் சாத்திக்கிட்டுப் பேசு. தாய்மாமன் சீரு வர்ற நேரத்துல பாட்டு இல்லைன்னா அம்புட்டுப் பயலும் சிரிப்பான்."

பந்தலில் இருந்தவர்கள் அப்போதே சிரித்தார்கள். "மாப்ளகிட்டப் பேசப் போகுதோ என்னமோ" என்றார் ஒருவர்.

நான் வீட்டுக்குள் வந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் பாட்டு பட்டென்று நின்றது. என் பேச்சுக்கும் மதிப்பு இருக்கிறது என்று ஒரு நிமிடம் நம்பினேன். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. வெளியே சித்தப்பா கத்தினார்: "டேய், ஆர்.ஐ. சாருக்கு மீட்டிங்காம்! எவனும் சத்தம் போடாதீங்கடா!" தாய்மாமன் சீர்கூட மேளம் இல்லாமல்தான் வந்தது.

ஆர்.ஐ. சாரின் கூட்டம் முடிந்ததும் பாட்டு தொடங்கிவிடும் என்று பயந்துகொண்டே பேசினேன். தொடங்கவில்லை. "நல்லா பேசினீங்க. வீட்லேருந்தே பாருங்க" என்றார் மேனேஜர்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "சாரு மீட்டிங்கு எப்பவோ முடிஞ்சிருச்சு. நாந்தான் சார் வீட்டம்மாகிட்டச் சொல்லிவச்சேன். எம்மக பேசி முடிக்கிற வரைக்கும் சாரு வெளிய தலையக் காட்ட வேணாம்னு."

வேலை தப்பித்தது. ஆனால் நான் கேட்டுக் கிடைக்காத அமைதி, அவர் பெயரில் இரவலாக வந்திருந்தது. ஆத்திரத்தில் அழுதேன்.

பந்தியில் சித்தப்பா ஆர்.ஐ. சாரின் இலைக்கு முன்னால் நின்றார். "மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுதா சார்?"

"ம், முடிஞ்சது" என்றார் அவர், கறிச்சோற்றைப் பிசைந்தபடி.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, சும்மாதான நிக்கிற? அந்த ஜக்கை எடுத்து சாருக்குத் தண்ணி ஊத்து."

நான் ஜக்கைத் தொடவில்லை. "என் மீட்டிங்கும் நல்லா முடிஞ்சுது சித்தப்பா" என்றேன், பந்தல் முழுக்கக் கேட்கட்டும் என்று. ஆனால் அதற்குள் பாட்டை மறுபடி போட்டுவிட்டார்கள்.