அரக்கு உடையாத பை

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்கு வந்து டிரைவர் துரைராஜ் வீடு எது என்று கேளுங்கள். அவன் வலது மணிக்கட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகும் நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம்.

என் பெயர் மெஹபூப் பாஷா. பத்து வருஷம் பிறர் வண்டியை ஓட்டியவன், 1935 செப்டம்பரில் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினேன். வாடகைக்கு ஓட்டினேன். துரைராஜும் வாடகை வண்டிக்காரன்தான். என் சிநேகிதன். சாந்தோமில் ஒரே ஷெட்டில் எங்கள் இருவர் வண்டியும் நிற்கும். ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று அவனிடம்.

அக்டோபர் முதல் வாரம் திருவான்மியூர் சவாரியில் ஒரு குழந்தை காலில் கண்ணாடி குத்திவிட்டது. வண்டியில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. என் தலைப்பாகையைக் கிழித்துத்தான் கட்டினேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் மனைவி சகினாவிடம், "ஆபத்துக்குன்னு ஒரு பை வண்டியிலேயே கிடக்கணும்" என்றேன்.

இருவரும் உட்கார்ந்து கட்டினோம். சிறிய கான்வாஸ் பை. கட்டுத்துணி இரண்டு சுருள், காயத்துக்குப் போட ஒரு புட்டி டிஞ்சர், டார்ச்சு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொஞ்சம் கயிறு, ஒரு பேனாக்கத்தி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்தேன்.

அக்டோபர் 14, திங்கட்கிழமை. காலை ஆறேகால். பையைத் திறந்து பார்த்தேன்.

ஒரு சுருள் கட்டுத்துணி அவிழ்ந்து மறுபடி சுற்றப்பட்டிருந்தது. நாங்கள் சுற்றியதைவிட இறுக்கமாக. தொட்டால் ஈரம்.

துரைராஜ் எடுத்திருப்பான் என்று நினைத்தேன். எடுத்தால் சொல்ல வேண்டாமா? கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே டிஞ்சர் பாதிப் புட்டி குறைந்தது. மெழுகுவத்தி விரலளவு எரிந்திருந்தது. சகினா, "நீங்களே எடுத்துட்டு மறந்திருப்பீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பையின் வாயைக் கயிற்றால் கட்டினேன். முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, என் மோதிரத்தால் முத்திரை குத்தினேன். இனி எவன் தொட்டாலும் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை அரக்கு உடையவில்லை. முத்திரை அப்படியே இருந்தது. நிம்மதியாகத்தான் பிரித்தேன்.

உள்ளே கட்டுத்துணி முழத்துண்டுகளாகக் கிழிக்கப்பட்டு, வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பேனாக்கத்தி மூடியபடியே கிடந்தது.

நேராக துரைராஜிடம் போனேன். அவன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என் பைய எதுக்குடா நோண்டுறே?"

"இன்னா பையி?"

"என் மோதிரம் மாதிரியே அச்சு பண்ணி வச்சிருக்கியா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "இன்னா பாய் நீ... ஒரு கந்தத் துணிக்கா என்னைத் திருடன்றே?"

அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "நீயே வச்சிக்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்." அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு பையில் எதுவும் மாறவில்லை. பார்த்தாயா, அவன்தான் என்று சகினாவிடம் சொன்னேன். புதிதாக அரக்கு வைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு. அடையாறில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். நல்ல மழை. பாலத்தில் பாதி தூரம் வந்ததும் வண்டி இருமியது. நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை ஆறு ஐம்பது.

விளக்குகளும் அணைந்துவிட்டன. கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

அப்போது பின்சீட்டில் ஒரு சத்தம்.

டர்ர்ர்...

துணி கிழிகிற சத்தம். மெதுவாக. நிறுத்தி, நிறுத்தி.

"துரைராஜ்?" என்றேன்.

சத்தம் நின்றது.

ஒளிந்து வந்து பயமுறுத்துகிறான் என்றுதான் நினைத்தேன். டார்ச்சு பையில் இருந்தது. திரும்பாமலே வலது கையைப் பின்னால் நீட்டித் துழாவினேன்.

என் உள்ளங்கையில் டார்ச்சு வந்து உட்கார்ந்தது.

யாரோ வைத்தார்கள்...

சில்லென்ற விரல்கள். ஈரம்.

பொத்தானை அழுத்தித் திருப்பினேன். பின்சீட்டில் யாரும் இல்லை. கதவுகள் மூடியிருந்தன. பை தரையில் இருந்தது. அரக்கு உடையவில்லை.

வண்டியைக் கிளப்ப வேண்டும். அவ்வளவுதான். எஞ்சினை முன்னாலிருந்து சுழற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினேன். முன்னால் குனிந்து மாட்டினேன். சுழற்றப் போனேன்.

இடது கையிலிருந்த டார்ச்சின் வெளிச்சம் என் வலது கைமேல் விழுந்தது.

வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

வெள்ளைத் துணி. இறுக்கமான கட்டு.

காயம் இல்லை.

நான் கட்டவில்லை...

ஹேண்டிலை அப்படியே விட்டேன். ஓடினேன்.

சாந்தோம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் துரைராஜ் வீட்டுக்குத்தான் போனேன். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. அவன் மனைவி செண்பகம் கதவைத் திறந்தாள். வண்டி நடுப்பாலத்தில் நின்றுவிட்டது, துரைராஜ் எங்கே என்றேன். "நாலு மணிலேர்ந்து ஜுரம். போத்திக்கினு படுத்துக்கினு கீறாரு" என்றாள். அவள் தோளுக்கு மேல் பார்த்தேன். படுத்திருந்தான்.

வீட்டில் சகினா கட்டை அவிழ்த்தாள். நான் தலை முதல் கால் வரை நனைந்திருந்தேன். கட்டுத்துணி மட்டும் காய்ந்திருந்தது. டிஞ்சர் வாசனை. விளக்கருகே பிடித்துப் பார்த்தவள், "ஏங்க, முடிச்சுல பல்லுத்தடம் இருக்குங்க" என்றாள்.

காலை ஏழு மணிக்கு வாசலில் துரைராஜ். ஜுரம் விட்டிருந்தது.

"வண்டிய நடுப்பாலத்துல வுட்டுட்டியாமே. வா, போய் எடுத்துக்கினு வரலாம்."

நான் அவனைத் திருடன் என்று சொன்னவன். அவன் வந்து நிற்கிறான். வெட்கத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கட்டைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று பயந்தேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

பாலத்தில் வண்டி நின்றபடியே இருந்தது. ஹேண்டில் மாட்டியபடியே இருந்தது. "நீ உள்ள குந்து, நான் சுத்தறேன்" என்றான்.

"வேணாம் துரைராஜ்..."

ஒரே சுற்று. எஞ்சின் எதிர்த்து உதைத்தது. ஹேண்டில் பின்னோக்கிச் சுழன்று அடித்தது.

மடக்.

வலது மணிக்கட்டு. எலும்பு வெளியே வந்துவிட்டது. ரத்தம் பீய்ச்சியது. நான் அரக்கை உடைத்துப் பையைத் திறந்தேன். கிழித்த துண்டுகள் தயாராக இருந்தன, நேற்று என் கையில் இருந்த அளவில். முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கம்பவுண்டர், "இந்தக் கட்டு இல்லேன்னா ஆள் பிழைச்சிருக்க மாட்டான்" என்றார்.

எச்சரித்ததா, பழிவாங்கியதா, காப்பாற்றியதா? எனக்குத் தெரியாது.

துரைராஜ் தேறியபின், ஒரு மத்தியானம் எனக்கு வண்டியை முடித்துக்கொடுத்த தரகர் ஷஃபியுல்லாவைத் தேடி ராயப்பேட்டைக்குப் போனேன். இந்த வண்டிக்கு முன்னால் யார் டிரைவர் என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"சொன்னா நீ வாங்கியிருப்பியா பாய்? இனாயத்னு ஒருத்தர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மழையில, அதே பாலத்துல ஹேண்டில் அடிச்சு கை போச்சு. வண்டியில ஒரு துணி கிடையாது. வேட்டியப் பல்லால கிழிச்சு, ஒத்தக் கையால கட்டப் பாத்திருக்கார். முடியல. ரத்தம் போயே மௌத்தாயிட்டார்."

"யாருமே வரலையா?"

"கீழ படகுல இருந்த செம்படவர் ஒருத்தர் பாத்தாராம். அவர் கரையேறி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மூணு வண்டி நிக்காமப் போச்சாம். நாலாவது வண்டி மட்டும் கிட்ட வந்து மெதுவாச்சாம். அப்புறம் அதுவும் வேகமாப் போயிடுச்சாம்."



1933 நவம்பர். அப்போது நான் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் டிரைவர். அடையாறிலிருந்து காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. பாலத்தின் ஓரம் ஒரு ஆள் வாயில் வெள்ளைத் துணியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குடிகாரனோ, வழிப்பறிக்காரனோ என்று சந்தேகப்பட்டேன். வண்டியை மெதுவாக்கி, பக்கக் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அவரும் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.