குச்சி இல்லாத வண்டி

துணிக்காரர் என்றால் அவர் துணி விற்றவர் இல்லை. பஸ் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். இடது தோளில் எப்போதும் ஒரு பழைய வெள்ளைத் துணி கிடக்கும். காலையில் வந்ததும் எஞ்சின் மூடியைத் திறப்பார். உள்ளே செருகியிருக்கும் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைப்பார். மறுபடி செருகி, உருவி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் டீ. "பொண்டாட்டி முகத்தைப் பாக்காமக்கூட வந்துருவாரு, குச்சி முகத்தைப் பாக்காம வண்டியை எடுக்க மாட்டாரு" என்பார் கூட ஓடிய கண்டக்டர்.

அந்தப் பழக்கம் பயத்தில் வந்தது. அவருக்கு மூன்று அக்காக்கள். மூத்தவளுக்கும் கடைசி அக்காவுக்கும் இதில் வேலை இல்லை. நடு அக்காவைக் கட்டியவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பழைய கார் வாங்கினார். மச்சானான துணிக்காரருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம். வெளியூரிலிருந்து ஒரு கட்டிலை ஏற்றிவரச் சொல்லி வாத்தியார் சாவியைக் கொடுத்தார். அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது இவர் கண்ணில் படவில்லை. பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வாத்தியார் பஸ் பிடித்து வந்து குச்சியை உருவினார். நுனி காய்ந்து கிடந்தது.

"இதை ஒரு தடவை உருவிப் பாக்க உனக்கு நேரமில்லை, இல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நான்கு வருஷம் பேசவே இல்லை. கடைசியில் அக்காவுக்கு மகள் பிறந்தபோதுதான், "மருமகளைப் பாத்தியா?" என்று பேச்சை ஆரம்பித்தார். ஆனால் மச்சான் ஓட்டுகிற வண்டியில் மட்டும் ஏறியதில்லை. கல்யாணமோ சாவோ, தனியாக வேறு வண்டியில் வருவார். கேட்டால், "எனக்குக் காத்தோட்டமா வரணும்" என்பார். முப்பத்தாறு வருஷம் இந்தக் காத்தோட்டம் ஓடியது.

போன வருஷம் வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் ஆபரேஷன். அப்புறம் வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். மகள் புதுசாகக் கார் வாங்கியிருந்தாள், ஆனால் பகலில் அவளுக்கு லீவு கிடைக்காது. சாவியைக் கொண்டுவந்து தாய்மாமன் கையில் வைத்தாள்.

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"வேற ஆள் இல்லைன்னு சொன்னேன் மாமா. கொஞ்ச நேரம் சுவரைப் பாத்தாரு. அப்புறம், ‘சரி, வரச் சொல்லு’ன்னாரு."

வாத்தியாருக்கு எழுபத்து நாலு வயசு. இந்தத் தடவை ஏதாவது ஆகிவிட்டால், கோபித்துக்கொண்டு மறுபடி பேசுவதற்கு நான்கு வருஷம் யார் கையிலும் இல்லை. துணிக்காரருக்கு அது தெரியும்.

முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்தது. இடது பக்கம் தேடினார், வலது பக்கம் தேடினார், கையை விட்டுத் துழாவினார். பிறகு மருமகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, ஆயில் குச்சியை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?"

"அது கிடையாது மாமா. சென்சார் இருக்கு. திரையைத் தட்டுனா அளவு வரும்."

"சென்சார் பொய் சொன்னா?"

"உங்க கண்ணு பொய் சொல்லாதா?"

"என் கண்ணை நான் துடைச்சுப் பாப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள். இவர் திரையைத் தட்டினார். ஒரு குச்சிப் படம் வந்தது. குச்சியை எடுத்துவிட்டுக் குச்சிப் படத்தைப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். ஆயில் அடிக்கோட்டை ஒட்டி நின்றது. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்ததால் அதை விட்டுவிட்டார். நேராகக் கடைக்குப் போய் ஒரு லிட்டர் வாங்கிவந்து, சிந்தாமல் ஊற்றி, மூடியைத் துணியால் துடைத்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் வாத்தியார் வாக்கரோடு வந்து பின்சீட்டில் ஏறினார். அரை மணி நேரம் ஓடியிருக்கும், திரையில் மஞ்சளாக ஒரு எண்ணெய்க் குடுவை எரிந்தது. துணிக்காரர் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இன்றைக்குக் கண்ணாடி இருந்தது. போட்டு, குடுவைக்குப் பக்கத்தில் வந்த எச்சரிக்கையைப் படித்தார்.

புது வண்டி கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்குத் தெரியவா போகிறது? அந்தப் பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அத்தான், ஆயில் அதிகமாயிருச்சுன்னு காட்டுது. நேத்து நான்தான் ஊத்தினேன்."

பின்னாலிருந்து கணக்கு வாத்தியார் குரல் வந்தது. "எவ்வளவு?"

"ஒரு லிட்டர்."

"எங்க நிறுத்தி அளவு பாத்த?"

"உங்க வாசல்ல."

"அது சரிவு. எஞ்சின் சூடா இருந்துச்சா?"

"இல்ல."

"அந்தப் படத்துக்குக் கீழ ஏதாவது எழுதியிருக்கா? படி."

படித்தார். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடான பிறகு பார்க்க வேண்டுமாம்.

வாத்தியார் வாக்கரின் பிடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் பாக்காம கெடுத்த. இன்னைக்குப் பாத்துக் கெடுக்கப் பாத்திருக்க."

துணிக்காரர் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்த மெக்கானிக் அடியில் படுத்து, கூடுதல் ஆயிலை அளவு ஜாடியில் இறக்கினார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, உடனே நிறுத்தியது நல்லதாய்ப் போயிற்று என்றார்.

"குச்சி இருந்தா இந்த வம்பே வந்திருக்காது, இல்ல தம்பி?" என்றார் துணிக்காரர்.

"குச்சி இருந்தாலும் சரிவுல நிறுத்துனா தப்பாத்தான் காட்டும் அண்ணே. சென்சார் செத்துப்போச்சுன்னா சந்தேகம் தீர்க்கக் குச்சி வேணும், ஆனா அது எங்கள மாதிரி மெக்கானிக்குக்கு. நீங்க எழுத்தைப் படிச்சா போதும்."

அன்றைக்கு பிசியோதெரபி போச்சு. வீட்டில் இறங்கியதும் வாத்தியார் வாக்கரை ஊன்றி நேராக உள்ளே போய்விட்டார். இனி வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்று துணிக்காரர் முடிவே கட்டிவிட்டார். சாவியை அக்காவிடம் நீட்டினார். அவள் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சாவியை வாங்கிக்கவா?"

"நாளன்னைக்கு அவன் எதுல கூட்டிட்டுப் போவான், தோள்லயா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அடுத்த முறை துணிக்காரர் முன்னாடியே வந்து, வண்டியைத் தெருவைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கி, பக்கத்துச் சமதரையில் நிறுத்தினார். வாத்தியார் வாக்கரை ஊன்றி ஊன்றி அதுவரைக்கும் நடந்து வந்தார். துணிக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பின்னாடி இருந்தா எனக்குத் திரை தெரியல" என்றார்.

துணிக்காரர் தோளிலிருந்த துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். படத்தைத் தட்டினார். இருவரும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்கள்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல" என்றார் வாத்தியார். "எடு."