என் வாயில் வந்த ‘அய்யா’

ஆவி, கீவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தேன். பேரையூர், கல்லுப்பட்டி, கொட்டாம்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்து வந்து படிக்கிற கூலிக்கார வீட்டுப் பையன்களுக்கு அரசாங்கம் தருகிற பணத்தை நான்தான் பட்டுவாடா செய்வேன். கவுண்ட்டர் என்பது கம்பி வலைக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. பெயரைச் சொல்வார்கள், கை உள்ளே வரும், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போடும், பணத்தோடு வெளியே போய்விடும். வலை முழுக்கப் பழைய நோட்டீஸ்களை ஒட்டி மறைத்து வைத்திருந்தேன். மூஞ்சியைப் பார்த்தால் அடுத்தது எப்போது சார் என்று நச்சரிப்பார்கள், அதனால்தான். அத்தனை வருஷமும் நான் பார்த்ததெல்லாம் கைகள்தான்.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு வந்து உட்கார்ந்த நேரம், பேரையூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்து நின்றார். மகன் இங்கே படித்தானாம். லீவுக்கு ஊருக்குப் போனவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனானாம்.

“நான் கேரளாப் பக்கம் கெணறு வெட்டப் போயிருந்தேன் சார். வாரதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாக. மொகத்தக்கூடப் பாக்கல.”

மகன் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு போட்டோ, அது ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் ஒட்டியது. அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். விண்ணப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டது, திரும்பி வராதுய்யா என்று சொன்னேன். அப்படியானால், பணம் வாங்கிய அன்றைக்குத்தான் அவன் ஊருக்கு பஸ் ஏறினான், அப்போது முகம் எப்படி இருந்தது, நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதையாவது சொல்லுங்கள் என்றார்.

பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நல்லாத்தான்யா இருந்தான் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், வாயில் வந்தது வேறு. நீலச் சட்டை, மேல் பொத்தான் போய் ஊக்கு குத்தியிருந்தது, வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, கண் மட்டும் கொஞ்சம் மஞ்சள் என்று நான்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன், அவர் ஆமா ஆமா என்று தலையாட்டுகிறார், எனக்கோ நிறுத்த முடியவில்லை. கடைசியில் என் குரலே இல்லாத ஒரு குரலில் சொன்னேன்:

“கருவ முள்ளு கிழிச்சப்ப நீங்கதான அய்யா எச்சி தொட்டு வச்சீக.”

அந்த மாதிரி ஆட்களை வாய்யா, போய்யா என்று மட்டுமே பேசிப் பழகியவன் நான். பெற்ற அப்பாவைக்கூட அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி அய்யா என்று கூப்பிட்டதில்லை.

அவர் அழுதார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எம்புட்டுப் பேர் வந்து போற இடம், எம்மவன் மொகத்த மனசுல வச்சிருக்கீகளே என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போனது அன்றைக்குத்தான். கையை இழுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. மறுநாள் காலையில் வலையில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களை எல்லாம் கிழித்துப் போட்டேன். அதனால் என்ன பிரயோஜனம்.

அடுத்த வருஷம் மறுபடி வந்தார், பையில் நிலக்கடலையோடு. இன்னொரு தரம் சொல்லுங்க சார் என்று எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதே சட்டை, அதே ஊக்கு, அதே தழும்பு, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தும் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். பிறகு எழுந்தார்.

“இருக்கட்டும் சார். அன்னைக்குப் பேசுனது நீங்க இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். இன்னைக்கும் வருவானோன்னு பாத்தேன்.”

கடலையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

நான் ரிட்டயர் ஆகியே பல வருஷமாகிறது. அப்பனிடம் பேச அவனுக்கு அந்தக் கல்லூரியில் வேறு வாயே கிடைக்கவில்லையா என்பது இன்னும் விளங்கவில்லை. ராத்திரியில் கண்ணை மூடினால் சட்டை தெரிகிறது, ஊக்கு தெரிகிறது, தழும்பு தெரிகிறது. எவ்வளவு முயன்றாலும் முகம் மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.