மரத்துக்குப் பின்னால் நின்ற எட்டு நாள்

மூத்த மாப்பிள்ளை போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனியில் கொஞ்ச நாளைக்கு வேலை இல்லையாம். பாதிச் சம்பளம் தருவார்களாம். தாளில் கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அப்பா எதையும் நம்பமாட்டார்" என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூர் ஸ்டேஷனைத் தாண்டி ரயில் பாதையை ஒட்டிய ஒரு வார்ப்படப் பட்டறையில் நான் வேலை செய்தேன். இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, சாக்கடை மூடியும் பம்பு உடம்பும் செய்வோம். எழுபது பேர் இருந்தோம். நான் அச்சுக்கு மண் கட்டுகிறவன். சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உலைக்குப் போடும் கோக் கரி வரவில்லை, அதை ஏற்றிவர ரயில் வாகன் கிடைக்கவில்லை, ஆகையால் திங்கள் முதல் லே ஆஃப், அதாவது மறுபடி கூப்பிடும்வரை வேலை கிடையாது என்று தமிழில் எழுதியிருந்தது. பாதிச் சம்பளம் உண்டு. ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு கேட்டுக்கு வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

பாதிச் சம்பளம் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வருஷம் முன்னால் எங்களோடு அச்சு கட்டிய ஒரு மோல்டர் லீவுக்கு என்று நினைத்து ஓர் இங்கிலீஷ் தாளில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வந்தால், "நீதான் ராஜினாமா கொடுத்துட்டியே" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு தாளை நீட்டினால் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

வேலை செய்யாதவனுக்கு எந்த முதலாளி சும்மா சம்பளம் கொடுப்பான்? அப்படி ஒரு சட்டம் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. "கரி இல்லைன்றது பொய்யி" என்றார் உலைக்காரர். உலைக்குக் கரி தள்ளுகிறவர் அவர், வயதில் பெரியவர், எங்களுக்கெல்லாம் அண்ணாத்தே. "கொட்டாயில தகரம் போட்டு மூடி வச்சிகீறான். என் கையால அள்ளிப் போடுற கரி, எனக்குத் தெரியாதா? நம்மள கையெழுத்துப் போட வச்சி அனுப்பிட்டு, ஆந்திராப் பக்கத்துலேர்ந்து ஆளு எறக்கப் போறான்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எழுபது பேரும் போனோம். கேட்டுக்குள் மேஜை போட்டு, யார் எப்போது வந்தார் என்று குறிக்கும் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு கம்மி. கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடுவார் என்பதால் அவரை நாங்கள் யாரும் நம்புவதில்லை. ஒரு புது ரிஜிஸ்டரைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். மேலே தலைப்பு முழுக்க இங்கிலீஷ்.

உலைக்காரர் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "டேய், நீ படிச்சவன். இன்னா எழுதிகீதுன்னு பாரு."

நான் படித்தது தமிழில் ஐந்தாவது. ஸ்டேஷன் போர்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அதை வைத்து, எனக்கு இங்கிலீஷ் வரும் என்று பட்டறையில் ஒரு பேச்சு இருந்தது. நான் அதை மறுத்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது அந்தப் பேச்சு.

குனிந்து பார்த்தேன். எழுத்து தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் முகத்தைச் சுளித்து, மெதுவாகத் தலையை ஆட்டி, "இதுல ஏதோ கீது அண்ணாத்தே" என்றேன்.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்வதற்குச் சந்தேகப்படுவதைப் போல எளிய வழி வேறு இல்லை. "இது சரி" என்று சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். "ஏதோ இருக்கு" என்றால் ஒருத்தரும் கேட்பதில்லை.

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் போய் நின்றோம். நாங்கள் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி சொல்லிவிடக் கூடாது, நாங்கள் கையெழுத்தும் போடக் கூடாது. அதுதான் ஏற்பாடு. டைம்கீப்பர் கேட்டில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

"கூப்புடுறாரு பாரு, கல்யாணப் பந்திக்குக் கூப்புடுற மாரி" என்று ஒருவன் சொன்னான். சிரிப்பு.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். டைம்கீப்பர் ஒரு பேரைக் கூப்பிடுவார், மரத்தைப் பார்ப்பார், குனிந்து எதையோ எழுதுவார். மறுபடி கூப்பிடுவார், பார்ப்பார், எழுதுவார்.

"பாத்துப் பாத்து எழுதிகினு கீறான்" என்றேன்.

"எழுதிக்கட்டுமே" என்றார் உலைக்காரர். மடித்துக் கட்டிய வேட்டியோடு இன்னும் இரண்டடி முன்னால் போய், கேட்டைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "நல்லா பாத்து எழுது நைனா, மூக்கு கொஞ்சம் சப்பை, அதையும் எழுதிக்க."

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முதல் நாள் ரிஜிஸ்டரைப் பார்த்து எல்லோரையும் கிளப்பிவிட்டவன் நான். அந்தப் பட்டியலில் என் பேர்தான் முதலில் இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் முதல் நாளே, வெளியே வந்ததும், அவர் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால்தான் போய் நின்று, ஓரமாக ஒரு கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதுவதைப் பார்த்த பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இரண்டு பேர் கைகோத்தாலும் பிடிபடாத மரம். என் துண்டின் நுனிகூட வெளியே தெரியாது.

எட்டாம் நாள் வீட்டில் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள் உங்கள் அம்மா. மூத்தவள் அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

"இன்னிக்கும் மரத்தடியிலதான் நின்னியா?"

"அந்த ரிஜிஸ்டருல ஏதோ கீது. உனக்குப் புரியாது."

"உனக்குப் புரிஞ்சிதா?"

நான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எங்க அண்ணன் மெட்ராஸ்லேர்ந்து போட்ட காயிதத்துல விலாசம் இங்கிலீஷ்ல இருந்துச்சின்னு தபால்காரரு கையில குடுத்துப் படிக்கச் சொன்ன ஆளுதானே நீ? இப்ப எப்புடிப் படிச்ச?"

அவளை ஏமாற்ற முடியவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் கோர்ட்டுப் பக்கம் போனேன். அங்கே மனு எழுதுகிறவர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பட்டறையில எத்தினி பேரு?"

"எழுபது பேரு சார்."

"அம்பது பேருக்கு மேலன்னா சட்டம் பொருந்தும். சரி. நீ சேர்ந்து வருஷம் ஆச்சா? பதிலி ஆளா, நிரந்தரமா?"

"மூணு வருஷம். நிரந்தரம்."

"அப்ப பாதிச் சம்பளம் அவன் குடுக்கிற பிச்சை இல்லப்பா. சட்டம். ஆனா தினம் ஒரு தடவை, அவன் சொன்ன நேரத்துக்கு நீ வந்து நிக்கணும். வரலைன்னா அன்னைக்கிக் காசு கிடையாது. அஞ்சு மைலுக்குள்ள அதே முதலாளிக்கு வேற இடம் இருந்து, உன்னால முடியற வேலையை அதே கூலிக்குக் குடுத்தா மாட்டேன்னு சொல்லக்கூடாது. அவ்வளவுதான். கையெழுத்து நீ வந்ததுக்குச் சாட்சி. போட்டா வேலை போவாது."

"இல்ல சார், அந்தத் தலைப்புல ஏதோ..."

"இன்னா இருந்தது?"

"தெரியல சார்."

"அப்ப ஏதோ இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. மரத்தடியில் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் படிக்கவே இல்லை, கையெழுத்துப் போட வேண்டும், போடாத நாளுக்குக் காசு போய்விடும் என்று. 

உலைக்காரர்தான் ஆரம்பித்தார். "எட்டு நாளு. எழுபது குடும்பம். பேஜாரு புடிச்சவனே, தெரியாதுன்னு சொன்னா உன் மீசையா உதுந்துடும்?" பிறகு மற்றவர்கள். அதையெல்லாம் எழுத வேண்டாம். உங்கள் பாட்டனார் வரைக்கும் போனார்கள்.

அன்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.  மனு எழுதுகிறவரும் முதலாளியின் ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு ஓடியது.

மூன்று வாரம் கழித்துக் கரி வந்தது. உலை மூட்டினோம். கூலி நாளில், கையெழுத்துப் போட்ட நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். "அந்த எட்டு நாளு ஒருத்தரும் வரலை" என்று மானேஜர் கையை விரித்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி கோர்ட்டுப் பக்கம் ஓடினேன். மனு எழுதி எழுபது பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து அனுப்பினோம். ஒரு லேபர் ஆபீசர் மெட்ராஸிலிருந்து வந்தார்.

அவர் அந்த ரிஜிஸ்டரைக் கேட்டார். டைம்கீப்பர் கொண்டுவந்து திறந்தார். முதல் எட்டு நாளிலும் கையெழுத்துப் போடும் கட்டம் காலி. ஆனால் அதற்குப் பக்கத்தில், பேருக்கு நேராக, சின்ன எழுத்தில் மையால் எழுதியிருந்தது. ஆபீசர் தமிழில் சொன்னார்: "வந்தார். எதிரே மரத்தடியில் நின்றார். கையெழுத்திட மறுத்தார். எட்டு மணி."

மானேஜரின் முகம் கறுத்துவிட்டது. டைம்கீப்பர் எங்கள் பக்கமும் திரும்பவில்லை, அவர் பக்கமும் திரும்பவில்லை.

"உங்களை இப்படி எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டார் ஆபீசர்.

"யாரும் சொல்லலை சார். இவங்க நாளைக்கு வந்தோம்னு சொல்லுவாங்க. அவங்க வரலைன்னு சொல்லுவாங்க. நடுவுல மாட்டறது நான். எனக்கு ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை இல்லை சார். அதான் கண்ணால பார்த்ததை எழுதி வச்சேன்."

ஆபீசர் ஒவ்வொரு பேராகப் படித்தார். உலைக்காரர் பேர் வந்தது. எட்டு நாளும் இருந்தது. மூக்கைப் பற்றி எழுதவில்லை. மற்றவர்கள் பேரும் வந்தது. கடைசியில் ரிஜிஸ்டரை மூடப்போனார்.

"சார், எம் பேரு?" என்றேன்.

திருப்பிப் பார்த்தார். என் பேருக்கு நேரே எட்டு நாளும் வெறுங்கட்டம்.

"முதல் நாள்கூட, பேர் கூப்பிட்டப்ப இவரை நான் மரத்தடியில பார்க்கலை சார்" என்றார் டைம்கீப்பர். பழிவாங்குகிற குரல் இல்லை. அவர் பார்க்கவில்லை, எழுதவில்லை.

"இருந்தான் சார்" என்று உலைக்காரர் எனக்காகப் பேசினார். "மரத்துக்குப் பின்னால இருந்தான்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "பின்னால ஏன்பா நின்னே?"

பொய் ஒன்றும் சட்டென்று வரவில்லை. "அவர் கண்ணுல படக் கூடாதுன்னுதான் சார் நின்னேன்" என்றேன்.

பின்னால் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. நேரத்துக்கு வந்து முன்னால் நிற்பதுதான் சட்டம் கேட்பது, ஒளிந்து நின்றதை எப்படி வந்ததாக எழுதுவது என்று சொல்லி ரிஜிஸ்டரை மூடினார். அறுபத்தொன்பது பேருக்கு அந்த எட்டு நாள் கூலி வந்தது. எனக்கு வரவில்லை. உங்கள் அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பானையை மட்டும் இன்னொரு தடவை தட்டினாள்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று, அந்தத் தலைப்பில் என்னதான் எழுதியிருந்தது என்று டைம்கீப்பரைக் கேட்டேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். வரிசை எண், பெயர், வேலை, வந்த நேரம், கையொப்பம், குறிப்பு. அவ்வளவுதான்.

அதை அப்படியே ஒரு துண்டுத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் போய் மனு எழுதுகிறவரிடம் காட்டிச் சரிபார்த்தேன். டைம்கீப்பர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் தாளை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் போய் வரி வரியாகப் படிக்கச் சொல்வோம். சரியாக இருந்தால் போடட்டும். போட்ட பிறகு தினமும் போய் நிற்கட்டும், மரத்துக்கு முன்னால்.